அத்தியாயம் 7: வரிசை ஏன் குறைவதில்லை?

அரசு மருத்துவமனையில் காலை ஏழு மணிக்கே ஓ.பி. சீட்டு வாங்க நின்றவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. போன வருடம் ஒரு டாக்டர்தான் இருந்தார், இந்த வருடம் இரண்டு பேர். வரிசை என்னவோ அப்படியேதான் இருக்கிறது. டாக்டர்கள் சரியாகப் பார்ப்பதில்லை என்பார்கள் சிலர். ஜனத்தொகை பெருகிவிட்டது என்பார்கள் வேறு சிலர். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. வரிசையில் நிற்பவருக்கும் அது தெரியாது, உள்ளே உட்கார்ந்து சீட்டு எழுதுபவருக்கும் தெரியாது.

மனநலச் சிகிச்சையில் இந்தக் காரணம் முழு பலத்தோடு வேலை செய்கிறது. கால் முறிந்தவர் வரிசை நீளம் என்று வீட்டுக்குத் திரும்ப மாட்டார். மனச்சோர்வில் இருப்பவர் திரும்பிவிடுவார். படுக்கையை விட்டு எழுந்து, குளித்து, பஸ் ஏறி வந்ததே அவருக்குப் பெரிய காரியம். ‘அடுத்த மாதம் வாங்க’ என்று சொன்னால் அடுத்த மாதம் அவர் வருவது நிச்சயமில்லை. வராவிட்டால் பட்டியலில் ஒரு பெயர் குறையும், அலுவலகத்துக்கு அது நல்ல செய்தியாகக்கூடத் தெரியும். பல மாதம் கழித்து அவரே நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிவரப்படும்போது, பதிவேட்டில் அவர் ஒரு புது நோயாளி.

பல வாசல், ஒரே கதை

இந்தச் சிக்கலைக் கணினியில் வைத்து அலசியவர்களில் ஆஸ்திரேலியர்கள் முக்கியமானவர்கள். அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை, பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாசல்கள் பல. குடும்ப டாக்டருக்கும் உளவியலாளருக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை மெடிகேர் என்ற காப்பீட்டுத் திட்டத்தின் வழியாக மத்திய அரசு தருகிறது. அரசு மருத்துவமனைகளையும் சமூக மனநலக் குழுக்களையும் மாநில அரசுகள் நடத்துகின்றன. இளைஞர்களுக்கு 2006 முதல் ‘ஹெட்ஸ்பேஸ்’ மையங்கள் தனியாக உண்டு. இவை போகத் தொண்டு நிறுவனங்கள், தொலைபேசி உதவி எண்கள், ஆம்புலன்ஸ், போலீஸ். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு, தனிப் பட்ஜெட். நோயாளி மட்டும் ஒருவர்தான். போகுமிடமெல்லாம் தன் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது அவர் வேலை.

இப்படிப்பட்ட அமைப்பில் ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் அசையும். நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. உளவியலாளரிடம் ஒருவர் ஆண்டுக்கு 10 முறை போக மெடிகேர் உதவியது. கோவிட் வந்ததும், 2020 அக்டோபரில், அதை 20 ஆக உயர்த்தினார்கள். கேட்பதற்கு நியாயமான யோசனை. உளவியலாளரின் எண்ணிக்கையோ வேலை நேரமோ அதற்கு ஈடாகக் கூடவில்லை என்பதுதான் சங்கடம். ஏற்கெனவே உள்ளே இருந்தவர்கள் கூடுதல் நாட்கள் தங்க, வெளியே நின்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மதிப்பீடு 2022-இல் வந்த பிறகு, அந்த ஆண்டின் கடைசி நாளோடு கூடுதல் பத்தையும் அரசு நிறுத்தியது. சிக்கலான தேவை உள்ளவர்களுக்காவது தொடரலாம் என்று மதிப்பீட்டாளர்கள் சொல்லியிருந்தார்கள். அரசு ஒரேயடியாக வெட்டியது அவசரம் என்பதே என் அபிப்பிராயம்.

இதையெல்லாம் மனிதர்கள் மேல் செய்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, முதலில் ஒரு கணினி ஊரில் செய்து பார்த்தால் என்ன? அதைத்தான் சிமுலேஷன் என்கிறார்கள். இந்த நூலில் கணினி ஒத்திகை என்று சொல்வோம்.

ஃபாரஸ்டரின் காகிதம்

கணினி ஒத்திகை என்றதும் வண்ணத்திரையும் பெரிய எந்திரமும் மனதில் வரும். நாம் இங்கே பார்க்கப்போகும் வகையின் முதல் ஒத்திகையோ பென்சிலும் காகிதமுமாக நடந்தது. செய்தவர் ஜே ஃபாரஸ்டர். நெப்ராஸ்காவில் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர், எம்.ஐ.டி.யில் ‘வேர்ல்விண்ட்’ என்ற ஆரம்பகாலக் கணினியைக் கட்டியவர். 1956-இல் கணினி வேலையை விட்டுவிட்டு அங்கேயே மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார்.

ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காரர்கள் அவரிடம் ஒரு புதிரைக் கொண்டுவந்தார்கள். கென்டக்கியில் அவர்களுக்கு வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலைகள் இருந்தன. சில காலம் மூன்று நான்கு ஷிப்ட் ஓட்டியும் ஆள் போதாது. சில ஆண்டு கழித்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். சந்தை அப்படி என்று சொல்லிக்கொண்டார்கள். ஃபாரஸ்டர் ஒரு தாளில் பத்திகள் போட்டார்: கையிருப்பு, தொழிலாளர் எண்ணிக்கை, வந்த ஆர்டர். நிர்வாகிகள் வழக்கமாக எப்படி முடிவெடுப்பார்கள் என்று கேட்டு, அதே விதிப்படி வாரம் வாரமாகக் கணக்கை நகர்த்தினார். ஆர்டர் சீராக வந்தால்கூட வேலையாட்கள் எண்ணிக்கை ஏறி இறங்கியது! கோளாறு வெளியே சந்தையில் இல்லை. ஆளெடுக்கும் விதியிலேயே இருந்தது.

அந்தத் தாளிலிருந்து கிளைத்த துறைக்கு அமைப்பு இயங்கியல் என்று பெயர். அதற்கு இரண்டே கருத்து போதும். ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் நிற்கும் தண்ணீர் ‘இருப்பு’. குழாயில் வருவதும் போவதும் ‘ஓட்டம்’. மனநல அமைப்பில் காத்திருப்போர் பட்டியல் ஓர் இருப்பு. புதிதாக வருபவர், சிகிச்சைக்குச் சேர்பவர், மனம் வெறுத்து விலகுபவர் எல்லாம் ஓட்டங்கள். வெளியே போனதில் ஒரு பகுதி சுற்றிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தால் அது ‘பின்னூட்டச் சுழல்’. நம் புதிருக்கு விடை இந்தச் சுழலில்தான் இருக்கிறது.

ஓர் ஊரை ஓட்டிப் பார்ப்போம்

கற்பனையாக ஒரு நடுத்தர ஊர். எண்கள் எல்லாம் கணக்கு சுலபமாக வர நான் போட்டவை.

வாரம் 40 பேர் புதிதாக உதவி கேட்டு வருகிறார்கள். ஊரின் மனநலக் குழுவிடம் வாரத்துக்கு 30 இடம் இருக்கிறது. ஒரு இடம் என்றால் ஒருவரைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பேர் பட்டியலில் காத்திருக்கிறார்கள். காத்திருப்பவர்களில் 100-க்கு 5 பேர் ஒவ்வொரு வாரமும் விலகிவிடுகிறார்கள்.

இதோடு நிறுத்தினால் கணக்கு எளிது. வாரம் 10 பேர் மிச்சம், பட்டியல் வளரும். 200-ஐத் தொட்டதும் அதில் 5 சதவீதம், அதாவது 10 பேர், வாரம் விலகுவார்கள். வருவதும் போவதும் சமமாகி, பட்டியல் 200-இல் நின்றுவிடும். ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்று அறிக்கை எழுதலாம்.

இப்போது சுழலைச் சேர்ப்போம். விலகியவர்களில் நாலில் ஒருவர் நிலைமை முற்றி அவசரப் பிரிவு வழியாகத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைக் காக்க வைக்க முடியாது, முதலிடம் அவருக்கு. முற்றிய நிலையில் வந்ததால் இரண்டு இடத்துக்கான நேரமும் உழைப்பும் அவருக்குத் தேவை.

முதல் வார முடிவில் பட்டியலில் 10 பேர். இரண்டாம் வாரம் 20-க்கு ஒரு மயிரிழை குறைவு. மூன்றாம் வாரம் 29 சொச்சம். ஒன்றும் விபரீதமாகத் தெரியாது. ஓராண்டு முடிவில் 293. இரண்டாம் ஆண்டு முடிவில் 371. கடைசியில் 400-இல் போய் நிற்கிறது. அந்தக் கட்டத்தில் ஒரு வாரத்தைத் திறந்து பாருங்கள். புதிதாக 40 பேர் வருகிறார்கள். 20 பேர் விலகுகிறார்கள். முன்பு விலகியவர்களில் 5 பேர் நெருக்கடியில் திரும்பி வந்து 10 இடத்தை எடுத்துக்கொள்கிறார்கள். முறைப்படி காத்திருந்தவர்களுக்கு மிச்சம் 20 இடம்தான்.

உண்மையான பற்றாக்குறை 10. விலகுபவர்கள் 20. கூடுதலான 10-ஐ வெளியிலிருந்து யாரும் கொண்டுவரவில்லை. தன் வாசலில் திருப்பி அனுப்பியவர்களையே இரட்டிப்புச் செலவில் வாங்கிக்கொண்டிருக்கிறது அந்த ஊர்.

மூன்று யோசனைகள்

ஊர்க் கூட்டம் போட்டால் மூன்று யோசனை வரும். ஒவ்வொன்றையும் 400-இல் நிற்கும் பட்டியலிலிருந்து தொடங்கி ஓட்டுவோம்.

முதல் யோசனை, விழிப்புணர்வுப் பிரசாரம். செலவு குறைவு, மேடை உண்டு, யாருக்கும் ஆட்சேபணை இருக்காது. பிரசாரம் பலித்து, வாரம் 40-க்குப் பதில் 44 பேர் வருகிறார்கள். இடம் அதே 30. ஓராண்டில் பட்டியல் 517, முடிவில் 560. விலகுபவர்கள் 20-இலிருந்து 28 ஆகிறார்கள். நாலு பேரைக் கூடுதலாக அழைத்ததில் எட்டுப் பேர் கூடுதலாக விலகினார்கள். முறைப்படி இடம் கிடைப்பவர்களோ 20-இலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். நல்ல எண்ணத்தால் கெட்ட விளைவு என்பதற்கு இதைவிடச் சுருக்கமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது, ஆள் நியமனம். இடம் 30-இலிருந்து 33. ஓராண்டில் பட்டியல் 312, முடிவில் 280. விலகுபவர்கள் 14. நல்ல முன்னேற்றம். மூன்று இடம் போட்டதற்கு ஆறு பேர் காப்பாற்றப்பட்டிருக்கிறார்கள், ஏனென்றால் சுழல் இப்போது நமக்குச் சாதகமாகச் சுற்றுகிறது. டாக்டர் கூடினாலும் வரிசை குறைவதில்லை என்று புலம்புபவர்களுக்கு இதில் பாதி பதில் இருக்கிறது: அநேகமாக டாக்டரோடு வருகிறவர்களும் கூடியிருப்பார்கள். புது டாக்டர் வந்திருக்கிறார் என்ற செய்தியே ஒரு பிரசாரம்.

மூன்றாவது யோசனையை யாரும் மேடையில் பேச மாட்டார்கள். புது டாக்டர் வேண்டாம். பட்டியலில் இருப்பவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பது. ஒரு வாரம் வராதவருக்குப் போன் செய்வது. அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்குப் போகிறவர் வாசலைத் தாண்டுமுன் அடுத்த சந்திப்புக்குத் தேதி வாங்கிக் கொடுப்பது. எல்லாரும் ஒரே பதிவேட்டைப் பார்ப்பது, கதையை மறுபடி கேட்காமலிருப்பது. இதைத்தான் ஒருங்கிணைப்பு என்கிறோம். இதனால் நெருக்கடியில் திரும்புபவர்கள் நாலில் ஒருவரிலிருந்து பத்தில் ஒருவராகக் குறைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டில் பட்டியல் 268, முடிவில் 250. விலகுபவர்கள் வாரம் பன்னிரண்டு பதிமூன்று பேர். ஆள் நியமனத்தை முந்திவிட்டது, அதுவும் விரைவாக.

‘போன் செய்ய ஆள் வேண்டாமா?’ என்று கேட்பீர்கள். நியாயம். 30 இடத்தில் ஒன்றை இந்த வேலைக்குத் தியாகம் செய்து 29 ஆக்கினேன். பட்டியல் 275. அப்போதும் மூன்று இடம் கூட்டியதைவிட ஒரு படி மேல்தான். இரண்டு இடத்தைத் தியாகம் செய்தால் 300 ஆகி, ஆள் நியமனம் ஜெயிக்கிறது.

ஏழில் ஒருவர்

பத்தில் ஒருவர் என்ற எண்ணை எங்கிருந்து பிடித்தேன்? சும்மா வைத்துக்கொண்டதுதான். ஒத்திகை செய்பவர்கள் உடனே செய்யும் அடுத்த வேலை, இப்படி வைத்துக்கொண்ட எண்களை ஆட்டிப் பார்ப்பது. ஒருங்கிணைப்பு அவ்வளவு பலிக்காமல் ஆறில் ஒருவர் திரும்பினால் பட்டியல் 300, ஆள் நியமனத்தின் 280-ஐவிட மோசம். ஏழில் ஒருவர் என்றால் இரண்டும் சரிசமம். ஆக, ஊர்க் கூட்டத்தில் சண்டை போட வேண்டிய கேள்வி தெளிவாகிவிட்டது: போன் செய்து விசாரித்தால், திரும்பி வருவோர் ஏழில் ஒருவருக்கும் கீழே இறங்குவார்களா? இதை ஆறு மாதம் அளந்தால் விடை தெரியும். கணினி ஒத்திகையால் கிடைத்த பெரிய லாபம் இதுதான். எதிர்காலத்தை அது சொல்லவில்லை. எந்த எண்ணை அளக்காமல் இருந்தோம் என்று சொன்னது.

இன்னொரு விநோதத்தையும் அது காட்டும். பழைய 400 பேர் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பவர்களை அன்பாகப் பேசித் தக்கவைத்து, வாரம் விலகுபவர்களை 5 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினால் என்ன ஆகும்? பட்டியல் 500 ஆகிறது. வாரம் விலகுவது அதே 20 பேர். இடமும் கூடவில்லை, திரும்பி வருபவர் பங்கும் குறையவில்லை என்பதால் கூட்டம் மட்டும் சேர்ந்தது. பட்டியலின் நீளத்தைப் பார்த்து மதிப்பெண் போடும் மேலதிகாரி, பொறுமையாகப் பேசிய ஊழியருக்கு மெமோ கொடுத்திருப்பார்.

நார்த் கோஸ்ட்

நம் ஊரில் இருப்பு ஒன்று, ஓட்டம் நாலைந்து. உண்மையான ஒத்திகையில் இருப்புகளும் ஓட்டங்களும் பல மடங்கு. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ட்வீட் ஹெட்ஸ் முதல் போர்ட் மக்குவாரி வரை நீளும் கடற்கரைப் பகுதிக்கு நார்த் கோஸ்ட் என்று பெயர். சிட்னி பல்கலைக்கழகத்தின் மூளை மற்றும் மன மையத்தைச் சேர்ந்த ஜோ-ஆன் ஒக்கிபின்டியின் குழு, அந்தப் பகுதி இளைஞர்களின் தற்கொலையைக் குறைக்க எதில் பணம் போடலாம் என்று ஒத்திகை பார்த்தது. முடிவுகள் 2021-இல் வெளிவந்தன. வேலையின்மை, குழந்தைப் பருவத் துன்பம், மக்களுக்குள் இருக்கும் பிணைப்பு எல்லாம் அந்த மாதிரியில் உண்டு. ஆஸ்பத்திரிக்கு வெளியே நடப்பதும் உள்ளே வரும் ஓட்டத்தை மாற்றுகிறது அல்லவா?

முன்வரிசையில் வந்தவை: சமூகப் பிணைப்பை வளர்க்கும் திட்டங்கள், தொழில்நுட்பத்தின் துணையோடு சேவைகளை ஒருங்கிணைத்தல், தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை விடாமல் பின்தொடர்ந்து கவனித்தல். இவற்றோடு குழந்தைப் பருவத் துன்பத்தையும் இளைஞர் வேலையின்மையையும் குறைத்தால் பலன் இன்னும் அதிகம்.

வாசகர் ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படி ஒருங்கிணைக்கும் மின்தளம் ஒன்றை உருவாக்கிய ‘இன்னோவெல்’ நிறுவனத்தில் சிட்னி பல்கலைக்கழகமும் கூட்டாளியாக இருந்தது. இதனால் முடிவு தவறு என்றாகாது. வேறு குழுக்கள் வேறு ஊர்களில் இதையே ஓட்டிப் பார்த்தால் நல்லது என்றாகிறது.

இப்படிப்பட்ட மாதிரியை நிபுணர்கள் மட்டும் அறைக்குள் உட்கார்ந்து கட்டுவதில்லை. மனநல மருத்துவர், குடும்ப டாக்டர், ஆம்புலன்ஸ்காரர், நோயை அனுபவித்தவர், அவர் வீட்டார் எல்லாரையும் ஒரே மேசைக்குக் கூட்டி வருகிறார்கள். எதிலிருந்து எதற்கு அம்புக்குறி போடுவது என்று வாக்குவாதம் நடக்கும். ‘விலகியவர்கள் எங்கே போகிறார்கள்?’ என்ற கேள்விக்கு டாக்டரிடம் பதில் இருக்காது, அவர் கண்ணில் அவர்கள் படுவதில்லை. பதில் ஆம்புலன்ஸ்காரரிடமும் வீட்டாரிடமும் இருக்கும். என்னைக் கேட்டால், கணினி எதையும் கணக்குப் போடுமுன்பே இந்த உட்காரலில் பாதி ஒருங்கிணைப்பு நடந்துவிடுகிறது.

பலிக்காத எச்சரிக்கை

2020 மே மாதம் அதே சிட்னி மையத்தின் கணிப்பு ஒன்று ஆஸ்திரேலியப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியானது. பொதுமுடக்கமும் வேலையிழப்பும் சேர்ந்து தற்கொலையை 25 முதல் 50 சதவீதம் வரை உயர்த்தலாம் என்றது அது. உயரவில்லை. 2019-இல் 3,300-ஐத் தாண்டியிருந்த தற்கொலைகள் 2020-இல் அதைவிடக் குறைந்தன. வேலை போனவர்களுக்கு அரசு கொடுத்த பணம் தாங்கிப் பிடித்தது, எச்சரிக்கையே நடவடிக்கைக்குத் தூண்டியது என்றெல்லாம் ஆதரவாளர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் இவ்வளவு உணர்ச்சிகரமான விஷயத்தில் இப்படியொரு கணிப்பைத் தலைப்புச் செய்திக்குக் கொடுத்தது ஒத்திகையைத் தவறாகப் பயன்படுத்தியதுதான். இரண்டு திட்டங்களில் எது மேல் என்று கேட்டால் மாதிரி ஓரளவு நம்பகமாகச் சொல்லும். அடுத்த ஆண்டு எத்தனை பேர் என்று கேட்டால் தடுமாறும்.

நம் கற்பனை ஊரிலும் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. விலகிய நால்வரில் ஒருவர் திரும்பி வருகிறார், சரி. மற்ற மூவர்? சிலர் தானாகத் தேறியிருப்பார்கள். சிலர் தனியார் டாக்டரிடமோ தர்காவுக்கோ கோயிலுக்கோ போயிருப்பார்கள். சிலர் வீட்டுக்குள் முடங்கியிருப்பார்கள், சிலர் உயிரோடு இல்லாமலும் போயிருக்கலாம். மாதிரியில் அவர்களுக்கு இடமே கொடுக்கவில்லை. இடம் கொடுக்காததை எந்த ஒத்திகையும் காட்டாது.

நீங்களே போட்டுப் பார்க்க

இந்தியாவில் 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி மானஸ்’ தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலும், மனநல ஆலோசனை பெறலாம். தேவைப்படுபவர்கள் தயங்காமல் கூப்பிடுங்கள். நம் கணக்கின் மொழியில் அது உள்ளே வரும் ஒரு புதுக் குழாய். போனை எடுப்பவர் மாவட்ட மனநலத் திட்டக் குழுவிடம் ஒருவரை அனுப்பி வைக்கிறார் என்றால், அவர் போய்ச் சேர்ந்தாரா என்று மறுபடி போன் செய்து கேட்பது யார் வேலை என்பதே அதைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கணக்கைச் சரிபார்க்க விரும்புபவர்கள் எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். ஒரு வரிசை ஒரு வாரம். போன வாரப் பட்டியலில் 5 சதவீதம் விலகுபவர்கள். அதில் நாலில் ஒரு பங்கு திரும்புபவர்கள், அதன் இரட்டிப்பை 30-இலிருந்து கழித்தால் மிச்ச இடம். பழைய பட்டியலோடு 40-ஐக் கூட்டி, மிச்ச இடத்தையும் விலகியவர்களையும் கழித்தால் இந்த வாரப் பட்டியல். பூஜ்யத்தில் தொடங்கி 52 வரிசை கீழே இழுத்தால் 293 வர வேண்டும். வந்ததும் நாலில் ஒன்றை மாற்றி ஐந்தில் ஒன்று என்று போட்டு, பல ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டே போங்கள். பட்டியல் 333-ஐ ஒட்டி நிற்கும். பிறகு விலகுபவர்களில் பாதிப் பேர் திரும்புகிறார்கள் என்று போட்டுப் பாருங்கள். அந்த ஊரின் பட்டியல் எந்த எண்ணிலும் நிற்காது.